பல தூண்டிலும் ஒரு மனமும்

ஒரு தூண்டிலால் ஒரு மீனைப் பிடிப்பவனும், ஒரே படகிலிருந்து பன்னிரண்டு தூண்டில்களை நீருக்குள் இறக்கி இழுத்துச் செல்பவனும் முதற் சீலத்தை ஒரே அளவில் மீறியவர்கள் ஆவார்களா? அன்றிப் பன்னிரண்டு இட்டவன் பன்னிரு மடங்கு பழிக்கு உரியவனா? பிடித்த மீனை உடனே நீரில் விட்டுவிட்டால் பழியே இல்லாமற் போகுமா?

இவை வீண் பொழுதில் எழும் வினாக்கள் அல்ல. ஐதராபாத்தின் வடகிழக்கே அமைந்த ஏ.எஸ்.ராவ் நகர், 1967ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய மின்னணுக் கழகத்தை உருவாக்கிய அறிவியலறிஞர் அய்யகாரி சாம்பசிவ ராவ் அவர்களின் பெயர் தாங்கிய குடியிருப்பாகும். கண்ணுக்குப் புலப்படாதவற்றைக் கருவியின் முகத்திலே காட்டும் தொழிலால் தழைத்த ஊர் இது. இவ்வூரின் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் அத்தகைய தொழில்களிலேயே அமர்ந்திருக்கின்றனர். விடுமுறை நாளில் மிச்சிகன் ஏரியிலோ ஒன்டாரியோ ஏரியிலோ வாடகைப் படகேறி மீன் பிடித்தல் அந்நாட்டவர்க்குப் பெருங் கேளிக்கை. நம்மவர் பிள்ளைகளும் நண்பரோடு சேர்ந்து அதில் பழகுகின்றனர். பெரிய சால்மன் மீனைக் கையிலேந்தி நிற்கும் படம் வீட்டுக்கு வருகிறது. வீட்டிலோ காலையும் மாலையும் பஞ்சசீலம் ஓதப்படுகிறது. படத்தைப் பார்த்த தாய் மகிழ்வதா, வருந்துவதா? இவ்வினாவுக்கு நம்மிடம் விடை இருத்தல் வேண்டும்.

முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம். கருவி தெரியாமல் வினையை நிறுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடிப்பதாகும்.

வட அமெரிக்கப் பேரேரிகள் மிக ஆழமானவை. கோடையில் அவற்றின் மேல்நீர் சூடேறும். அடிநீர் குளிர்ந்தே கிடக்கும். இரண்டுக்கும் நடுவே, சில அடிகளுக்குள்ளாகவே வெப்பம் சட்டென்று குறையும் ஓர் இடையடுக்கு உண்டு. சால்மன், ட்ரவுட் முதலியன குளிர்நீர் மீன்கள். ஏறக்குறைய 10 முதல் 13 பாகை செல்சியசு வரையுள்ள நீரையே அவை நாடும். ஆகவே கோடையில் அவை கீழே இறங்கிவிடுகின்றன. ஓடும் படகின் பின்னே வெறுந் தூண்டிற்கயிற்றை விட்டால், நீரின் எதிர்ப்பு அதை மேலே தூக்கிவிடும். மீன் நிற்கும் ஆழத்தை அது எட்டாது. இக்குறையை நீக்கவே டவுன்ரிக்கர் என்னும் பொறி உண்டாயிற்று. படகின் பின்விளிம்பில் பொருத்திய ஓர் உருளை. அதிலே சுற்றிய எஃகுக் கம்பி. கம்பியின் முனையில் நான்கைந்து கிலோ எடையுள்ள ஈயக்குண்டு. குண்டுக்கு அருகே ஒரு சிறு கவ்வி. தூண்டிற்கயிற்றை அக்கவ்வியிலே செருகிக் குண்டை இறக்கினால், 60 அடியென்றால் 60 அடியிலேயே இரை நிற்கும். எத்தனை அடி இறங்கிற்று என்பதை உருளையோடு இணைந்த எண்மானி காட்டும். ஒலியலையால் நீரின் அடியைத் துழாவும் மற்றொரு கருவி, மீன்களை வளைந்த கோடுகளாகவும் ஈயக்குண்டை நேர்க்கோடாகவும் திரையிலே வரைந்து காட்டும். படகோ மனிதன் நடக்கும் வேகத்தில், அல்லது அதனினும் சற்றே மிகையாக, மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். மீன் இரையைக் கவ்வி இழுத்தவுடன் கயிறு கவ்வியினின்று விடுபடும். படகில் வளைந்து நின்ற கோல் துள்ளி நிமிரும். அதைக் கண்டு ஆட்கள் ஓடிவந்து கோலைப் பற்றுவர்.

இத்தகைய பொறி ஒரு படகில் இரண்டு, மூன்று, நான்கு இருக்கும். ஒரே கம்பியில் வெவ்வேறு ஆழங்களில் இரண்டு கயிறுகளைக் கோப்பதும் உண்டு. ஒன்று 40 அடி, ஒன்று 55, ஒன்று 70 என்று படிக்கட்டுப்போல் அமைத்தால், மீன்கூட்டம் எந்த அடுக்கில் நின்றாலும் ஏதேனும் ஒன்றில் அகப்படும் என்பது கணக்கு. மிச்சிகன் மாநிலச் சட்டம் ஒருவருக்கு மூன்று கயிறு வரை இசைவு தருகிறது. நால்வர் ஏறிய படகிலே பன்னிரண்டு. ஒன்டாரியோ மாகாணத்திலோ பொதுவாக ஒருவருக்கு ஒன்று. பேரேரிகளின் சில பகுதிகளில் படகிலிருந்து இரண்டு. எல்லை கடந்தால் எண் மாறுகிறது. மீன் வளம் காப்பதற்கும், மீன்பிடிப்போர்க்குள் பங்கு முறையாக அமைவதற்குமே இச்சட்டங்கள் கயிற்றை எண்ணுகின்றன. மீனின் வலியை எண்ணி அல்ல. ஆதலின் நம் வினாவுக்குச் சட்டப் புத்தகத்தில் விடை தேடுவதிற் பயனில்லை.

இனி, இக்கருவியைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்றுண்டு. என் கருத்தில் முழு வினாவின் உயிர்நிலையும் அதுவே. கயிறு கவ்வியினின்று விடுபட வேண்டுமாயின் மீனுக்குப் போதிய வலிமை வேண்டும். பெரிய மீன் இழுத்தால் கவ்வி திறக்கும். சிறு மீன் இழுத்தால் திறவாது. ஒரு சாண் அளவேயுள்ள இளம் ட்ரவுட் இரையைக் கவ்வி முள்ளில் மாட்டிக்கொண்டால், மேலே கோல் நிமிர்வதில்லை. நுனி மட்டும் சிறிது நடுங்கலாம். அலையிலே படகு அசையும்போது எல்லாக் கோல்களும்தாம் நடுங்குகின்றன. பன்னிரண்டு கோல்களில் எந்த நடுக்கம் அலையினது, எந்த நடுக்கம் உயிரினது என்று யார் கண்டார்? அந்தச் சிறு மீன், வாயில் முள்ளோடு, 60 அடி ஆழத்தில், படகு செல்லும் திசையெல்லாம் இழுபட்டுக்கொண்டே செல்கிறது. யாராவது கயிற்றைச் சுருட்டிப் பார்க்கும்வரை அதன் நிலை அதுதான். சில வேளை அது அரைமணி நேரம். சில வேளை அதற்கும் மேல்.

தேர்ந்த மீன்பிடிப்போர் இதை அறிவர். அடிக்கடி கயிற்றைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றும், கவ்வியை மிக இறுக்கி வைக்கலாகாது என்றும் புதியவர்க்குச் சொல்லியும் கொடுப்பர். காரணம் கேட்டால், சிறு மீன் மாட்டிய கயிற்றிலே பெரிய மீன் விழாது, அந்தக் கயிறு வீணாக ஓடுகிறது என்பர். காரணம் எதுவாயினும் செயல் நன்றே என்று சொல்லிவிடலாம். ஆயினும் காரணத்தையும் குறித்துவைத்துக் கொள்வோம்.

இப்பொழுது தம்ம நூல்களின் பக்கம் திரும்புவோம். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் அமர்ந்து உரைகள் வகுத்தவரும், காஞ்சிபுரத்திலும் தங்கியவருமான ஆசாரியர் புத்தகோசர், கொலையென்னும் வினை நிறைவுறுதற்கு ஐந்து உறுப்புகள் வேண்டும் எனப் பகுத்துக் காட்டுகிறார். உயிர் ஒன்று இருத்தல் வேண்டும். அது உயிர் என்னும் அறிவு வேண்டும். கொல்லும் எண்ணம் வேண்டும். அதற்கான முயற்சி வேண்டும். அம்முயற்சியாலேயே சாவு நேர்தல் வேண்டும். இவ்வைந்தும் கூடினாலன்றி வினை முழுமையடையாது. விலங்கினத்திலே சிறிய உடலுடையதைக் கொல்வதினும் பெரிய உடலுடையதைக் கொல்வது கனத்த வினை என்றும் உரை கூறும். பெரியதைக் கொல்ல முயற்சி மிகுதியாக வேண்டியிருத்தலே அதன் காரணம். முயற்சி மிகுந்தால் அதைத் தாங்கிநிற்கும் எண்ணமும் மிகுந்திருக்கும் அன்றோ? கத்தியும் கோலும் வலையும் மட்டுமே இருந்த காலத்துக்கு இந்த அளவுகோல் மிகப் பொருத்தமானது. கை எவ்வளவு உழைத்ததோ அவ்வளவு மனமும் உழைத்தது என்று கொள்ளலாம்.

பொறி வந்தபின் இந்தக் கணக்கு இடறுகிறது. விசையை அழுத்தினால் மின்னாற்றலே ஈயக்குண்டை இறக்குகிறது, ஏற்றுகிறது. பன்னிரண்டு கயிறு இடுவதற்கு ஒரு கயிறு இடுவதைப் போல் பன்னிரு மடங்கு உழைப்பு வேண்டியதில்லை. முயற்சி சுருங்கிவிட்டது, அதன் விளைவோ பெருகிவிட்டது. முயற்சியை மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்வோமானால், பொறி பெரிதாகப் பெரிதாக வினை சிறிதாகிறது என்ற விபரீத முடிவுக்கு வந்து நிற்போம். அது உரையாசிரியர் கருத்தாக இருக்க முடியாது.

அவரே கொலைக்குரிய வழிகளை வகுக்குமிடத்தில் இதற்கொரு திறவுகோல் வைத்திருக்கிறார். தன் கையாற் செய்தல், பிறரை ஏவிச் செய்தல், எறிந்து கொல்லல் ஆகியவற்றோடு, அசையாது நிறுத்திய அமைப்பால் கொல்லல் என்றொரு வகையும் கூறுகிறார். படுகுழி, பொறி முதலியன அவ்வகையின. விநய நூலிலும் படுகுழியைப் பற்றிய செய்தி உண்டு. இன்னாரைக் கொல்வேன் என்று குறிக்காமல், விழுவது எதுவாயினும் சாகட்டும் என்று குழி வெட்டினவன், விழுந்து இறந்த உயிர் எதுவோ அதற்குரிய குற்றத்தை ஏற்கிறான். அது விழுந்த வேளையில் அவன் அங்கே நிற்க வேண்டியதில்லை, உறங்கிக்கொண்டும் இருக்கலாம். குறியின்றி இட்ட பொறிக்கு வருவன எல்லாம் குறியே என்பது இதன் கருத்து.

பல தூண்டில் இழுக்கும் படகு நகர்ந்து செல்லும் படுகுழி அன்றி வேறென்ன? பன்னிரண்டு முட்களில் எதிலே எந்த மீன் விழும் என்பதை இழுப்பவன் குறிக்கவில்லை. அவன் விரும்பியது பெரிய சால்மன். விழுந்தது சிறிய ட்ரவுட். அதை நான் விரும்பவில்லையே என்று அவன் தப்ப முடியாது. குழி வெட்டினவனுக்கு அந்த விடை இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். பிடித்ததை நான் கொல்வதில்லை, உடனே விட்டுவிடுகிறேன், ஆகவே மூன்றாம் உறுப்பாகிய கொல்லும் எண்ணம் என்னிடத்தில் இல்லை என்பர் சிலர். படித்த இளைஞர்களிடையே இந்த வாதத்துக்கு மதிப்பு மிகுதி. எழுத்தளவில் வாதம் சரியே. ஆனால் முதற் சீலத்தைக் கொலை ஒன்றோடு நிறுத்திக்கொள்வது, சுவரை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டை விட்டுவிடுவதாகும். சாவத்தி நகரத்துக்கும் சேதவனத்துக்கும் இடையிலே சிறுவர் சிலர் சிறு மீன்களைப் பிடித்துத் துன்புறுத்திக்கொண்டிருந்ததைப் பகவான் கண்ட வரலாறு உதானத்திலே வருகிறது. அவர் அச்சிறுவரிடம், நீங்கள் துன்பத்துக்கு அஞ்சுகிறீர்களா, துன்பம் உங்களுக்கு வெறுப்பானதா என்றே வினவினார். கொன்றீர்களா என்று வினவவில்லை. சிறுவர் அம்மீன்களைக் கொன்றார்களோ, நீரில் விட்டார்களோ, நாம் அறியோம். வரலாறு அதைப் பொருட்படுத்தவே இல்லை.

மேலும், விடப்பட்ட மீன் பிழைக்கிறதா என்பதே தனி வினா. ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுக்கப்படும் மீனின் உள்ளே உள்ள காற்றுப்பை, அழுத்தம் குறைவதால் விரிகிறது. ட்ரவுட், சால்மன் இனங்கள் அக்காற்றை வாய்வழியே வெளியேற்ற வல்லன. பெர்ச் முதலிய இனங்களுக்கு அவ்வழி இல்லை; அவை வயிறு உப்பி, கீழே இறங்க மாட்டாமல் நீர்மேல் மிதக்கின்றன. காற்றை வெளியேற்றிய ட்ரவுட்டுக்கும் கோடையின் சூடான மேல்நீர் பகையே. போராடிக் களைத்த உடல் அதில் மீள்வது அரிது. மீனுக்கு வலியே தெரியாது என்ற பழைய ஆறுதலும் இன்று அத்துணை உறுதியாக இல்லை. 2003ஆம் ஆண்டில் பிரிட்டனில் லின் ஸ்னெடன் முதலிய ஆய்வாளர், ட்ரவுட் மீனின் முகத்திலும் வாய்ப்புறத்திலும் ஊறு உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். நரம்பு உணர்வது வேறு, மனம் வருந்துவது வேறு என்று எதிர்வாதம் செய்யும் அறிஞரும் உளர். அவ்வழக்கு அவர்களுக்குள் நடக்கட்டும். சுவிட்சர்லாந்து அரசு அதுவரை காத்திராமல், விட்டுவிடும் எண்ணத்தோடேயே மீன் பிடித்தலை 2008ஆம் ஆண்டு விதிகளால் தடுத்துவிட்டது. உண்பதற்குப் பிடி, அல்லது பிடியாதே என்பதே அந்நாட்டு விதியின் உட்கிடை. புத்தரை அறியாதவர் இயற்றிய விதியாயினும் சாவத்திச் சிறுவரிடம் கேட்கப்பட்ட வினாவுக்கு அது அணிமையிலே நிற்கிறது.

இனி இம்மீன்கள் பிடிக்கப்படுவதற்கென்றே வளர்க்கப்பட்டவை, ஆதலால் அவற்றின் விதி அதுவே என்பாரும் உண்டு. செய்தி மெய்யே. 1940, 1950ஆம் ஆண்டுகளில், கால்வாய் வழியாகக் கடலிலிருந்து புகுந்த லாம்ப்ரே என்னும் குருதி உறிஞ்சும் உயிரியால் மேற்பேரேரிகளின் ட்ரவுட் அழிந்தது. உண்பாரில்லாத ஏல்வைஃப் என்னும் சிறு மீன் அளவின்றிப் பெருகியது. அதைத் தின்பதற்கும் மீன்பிடிப்போர்க்கு விளையாட்டு அளிப்பதற்குமாக மிச்சிகன் அரசு 1966ஆம் ஆண்டில் பசிபிக் கடற்பக்கத்துச் சால்மனைக் கொண்டுவந்து ஆறுகளில் விட்டது. நம் தெலங்கானாவிலும் 2016ஆம் ஆண்டு முதல் அரசு கட்லா, ரோகு முதலிய மீன்குஞ்சுகளைக் கூட்டுறவுச் சங்கங்களுக்காகச் செருவுகளில் விட்டு வருகிறது. விட்டவன் எதற்காக விட்டான் என்பது விட்டவனின் எண்ணம், மீனின் எண்ணமன்று. ஒருவன் எதற்குப் பிறந்தான் என்பதை மற்றொருவன் தீர்மானிக்கும் வழக்கம் இந்நாட்டிலே எத்தனை நூற்றாண்டு நடந்தது, அதனால் நம் முன்னோர் பட்டது என்ன என்பதை இவ்விதழின் வாசகர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுமா? அந்த வாதத்தை மீன்மீது செலுத்தவும் நமக்கு நாக் கூசுதல் வேண்டும்.

ஆயின் மீனவர் நிலை யாது? இவ்வினாவை ஒதுக்கிவிட்டுக் கேளிக்கைக்காரனை மட்டும் கண்டிப்பது எளிது; நேர்மையன்று. நம்முள் பலர் மீன் உண்கிறோம். மீன் பிடித்து வாழும் குலத்தினின்று தம்மம் தழுவினோரும் உளர். மணிமேகலையில் ஆதிரையின் கணவனாகிய சாதுவன், கலம் உடைந்து நாகர் நாட்டில் ஒதுங்கி, அவர்தம் தலைவனுக்கு அறம் உரைக்கும் பகுதியை நினைவு கூர்க. கள்ளும் ஊனும் விட்டால் நாங்கள் வாழ்வது எவ்வாறு என்று நாகர் தலைவன் கேட்கிறான். அவனால் இயலக்கூடிய அறத்தையே சாதுவன் கூறுகிறான். மூப்பினால் இறக்கும் விலங்குகளை விலக்காகவும் வைக்கிறான். வாழ்வுக்கு வேறு வழியறியாத மக்கள்முன் சீலத்தைக் கல்லாக எறியாமல் படியாக அமைத்துக் கொடுத்த அந்தப் பெருந்தன்மை நம் தமிழ்ப் பௌத்தத்தின் செல்வம். மீன் பிடித்தல் நல்வாழ்க்கைத் தொழில் என்று நான் கூறவில்லை. நூல்கள் அவ்வாறு கூறவில்லை. அத்தொழிலை விட வழியுள்ளவன் விடுக. வழியில்லாதவனைப் பார்த்து, விடுமுறைப் படகில் ஏறுபவன் இருவரும் ஒன்றே என்று சொல்லலாகாது.

தம்மபத உரையிலே ஆரியன் என்ற பெயருடைய ஒரு தூண்டிற்காரன் வருகிறான். சாவத்தியின் வடக்கு வாயிலருகே அவன் மீன் பிடித்துக்கொண்டிருக்கையில் பகவான் பிக்குகளோடு அவ்வழியே வந்து, ஒவ்வொருவர் பெயராகக் கேட்டுக் கடைசியில் அவன் பெயரையும் கேட்கிறார். உயிர்களுக்கு ஊறு செய்பவன் பெயரால் ஆரியனாவதில்லை என்பதை அவனுக்கு உணர்த்துகிறார். பெயரையும் பிறப்பையும் நம்பித் தருக்குவோர்க்கு இது தக்க மருந்து, அது நிற்க. நான் கவனிக்க விரும்புவது வேறு. அவன் கையிலே ஒரு தூண்டில் இருந்தது. பகவானைக் கண்டதும் அதைக் கீழே வைத்துவிட்டு நின்றான் என்று உரை கூறும். ஒன்றுதான் இருந்தது, ஆகவே வைக்க முடிந்தது.

ஒரு கயிற்றுக்கும் பல கயிற்றுக்கும் உள்ள வேற்றுமை இங்கே தெளிவாகிறது. கையில் ஒற்றைத் தங்கூசியைப் பிடித்திருப்பவனுக்கு மீனின் ஒவ்வோர் இழுப்பும் விரலிலே தெரியும். அவன் வன்கண்ணனாக இருக்கலாம். ஆயினும் மறுமுனையில் ஓர் உயிர் துடிக்கிறது என்பதை அவன் அறியாதிருக்க முடியாது. அறிவிருக்கும் இடத்தில் என்றேனும் ஒருநாள் இரக்கமும் வரக்கூடும். பன்னிரண்டு கயிற்றை ஈயக்குண்டுகளில் கோத்தவனுக்கோ, மீனின் இழுப்பைக் கையல்ல, ஈயம் தாங்குகிறது. ஒரு சிறு உயிர் அரைமணி நேரம் இழுபட்டாலும் அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கலாம். அவன் கொடியவன் என்று நான் சொல்லவரவில்லை. அறியாமலிருத்தல் அந்த ஏற்பாட்டிலேயே அமைந்துவிட்டது என்கிறேன். ஒன்றுக்குப் பன்னிரு மடங்கு பழியா என்று கேட்டவர்க்கு என் விடை இது: முட்களின் எண்ணிக்கையைக் கொண்டு பழியைப் பெருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. இறக்கும் மீனின் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். தன்னால் கவனிக்க இயலாத அளவுக்குத் தன் செயலைப் பரப்பி வைத்துக்கொள்வது, அதற்குமேல் தனியானதொரு குற்றம். பகவான் இடைவிடாது வற்புறுத்திய விழிப்புடைமைக்கு நேர் மாறானது அது. அறிந்து செய்த தீமையை எண்ணி வருந்தலாம். அறியாதிருக்கும்படி ஏற்பாடு செய்துகொண்ட தீமையை எண்ணி வருந்துவதற்கும் வழியில்லை.

மினிக்காய்த் தீவினர் கோலால் சூரை மீன் பிடிக்கும் முறையை இதற்கு எதிராகக் காட்டலாம். அங்கே ஒருவருக்கு ஒரு கோல், ஒரு முள். ஆனாலும் கூட்டம் வாய்த்தால் படகு நிறைய மீன் குவிகிறது. கயிறு ஒன்றாயிருப்பதால் மட்டும் சாவு குறைந்துவிடுவதில்லை என்பது உண்மை. எனினும் அங்கே ஒவ்வொரு மீனையும் ஒரு மனிதன் தூக்குகிறான்; வேண்டாத உயிர் அடியாழத்தில் யாருமறியாமல் இழுபடுவதில்லை.

சங்யுத்த நிகாயத்தில் பகவான் ஆறு தூண்டில்களைப் பற்றிக் கூறும் உவமை ஒன்றுண்டு. கண்ணுக்கு உருவம், காதுக்கு ஓசை என ஐம்பொறிக்கும் மனத்துக்குமாக உலகில் ஆறு தூண்டில்கள் இறங்கியிருக்கின்றன. விழுங்கியவன் மாரன் கையில் அகப்பட்டான். இதைப் படித்த நாம் எப்பொழுதும் நம்மை மீனாகவே நினைத்துக்கொள்கிறோம். உவமைக்கு அது பொருந்தும். ஆனால் வாழ்க்கையில் கயிறு விடுபவரும் நாமாக இருக்கிறோமே!

ஊருக்கே வருவோம். ஏ.எஸ்.ராவ் நகரை அடுத்துக் காப்ரா செருவு கிடக்கிறது. டவுன்ரிக்கர் இழுக்கும் ஆழம் அதில் இல்லை; தேவையும் இல்லை. நம் நாட்டு ஏரிக்கரைகளில் பொழுதுபோக்க வருவோர் நாலைந்து கோல்களை ஊன்றி, நுனியிலே சிறு மணி கட்டி, மாவுருண்டையைச் சுற்றிப் பல முட்களைப் பதித்து எறிந்துவிட்டு நிழலில் அமர்வதுண்டு. மணி ஒலித்தால் எழுவர். அமெரிக்கப் படகின் கவ்விக்கும் நம் கரையின் மணிக்கும் தத்துவம் ஒன்றே: நான் கவனிக்க வேண்டியதில்லை, கருவி கவனிக்கும். நகருக்குள்ளோ மிருகசீரிடக் கார்த்தி வரும் ஜூன் மாதத்தில் மீன் அங்காடிகளில் கால் வைக்க இடமிராது. நாம்பள்ளிக் கண்காட்சித் திடலில் இளம் விரால் குஞ்சுகள் உயிரோடு மருந்துருண்டையைத் தாங்கி இழைப்பு நோயாளிகளின் தொண்டைக்குள் இறங்குகின்றன. நோயாளியின் துயரை எள்ளுவது என் நோக்கமன்று. அந்த விரலளவு மீனின் பக்கம் நின்று ஒரு நொடி எண்ணுவார் அத்திரளில் எத்தனை பேர் என்றுதான் கேட்கிறேன்.

படகில் மீனோடு நிற்கும் மகனுக்குத் தாய் என்ன எழுதுவது? கேளிக்கைக்காக உயிரை முள்ளில் மாட்டுவது உபாசகனுக்கு ஒவ்வாது, ஒரு கயிறாயினும் ஒவ்வாது என்று தெளிவாகவே எழுதலாம். உடனே விட மனமில்லையேல், பன்னிரண்டு கயிறுள்ள படகை விட்டு ஒற்றைக் கோலோடு கரையில் அமர்ந்து, தான் உண்ணும் அளவுக்குப் பிடித்து, பிடித்ததை உடனே துன்பமின்றி முடித்து, அதைத் தானே கண்ணாற் பார்க்கட்டும். இது சீலமாகாது. நாகர் தலைவனுக்குச் சாதுவன் கட்டிக்கொடுத்ததைப் போன்ற படி அது. அவ்வாறு பத்து நாள் பார்த்தவன் பதினோராம் நாள் கோலை எடுக்கத் தயங்குவான் என்பது என் நம்பிக்கை.

மகனுக்கு எழுதியபின் தாய் தன் வீட்டுக் கழிநீர்க் குழாயையும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐதராபாத்தின் செருவுகள் பலவற்றில், காப்ரா செருவு உட்பட, சுற்றியுள்ள குடியிருப்புகளின் கழிவுநீர் கலந்து வந்திருக்கிறது. ஆகாயத்தாமரை நீரை மூடுகிறது. 1990ஆம் ஆண்டு மார்ச்சில் படகிலிருந்து சரிந்து, 1992ஆம் ஆண்டு டிசம்பர் வரை உசேன் சாகர் ஏரியின் அடியிலே கிடந்த பகவானின் பெருஞ்சிலை, இன்று நிற்பதும் அத்தகைய நீரின் நடுவில்தான். கழிவு மிகுந்த நீரில் இரவெல்லாம் உயிர்வளி குறைந்துகொண்டே வந்து, விடியலுக்குச் சற்று முன் மிகக் கீழே இறங்கும். அந்த வேளையில் மீன்கள் நீர்மேல் வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். சில நாள் கூட்டங்கூட்டமாக மாண்டு வெள்ளையாக மிதக்கும். நாம் யாரும் தூண்டில் இடவில்லை. இன்ன மீனைக் கொல்வோம் என்று குறிக்கவுமில்லை. கொல்லும் எண்ணம் இல்லையாதலின் ஐந்து உறுப்புகள் நிறையவில்லை என்றும் வாதிடலாம். மீனை விட்டுவிட்டேன் என்ற இளைஞனின் வாதமும் அதுதான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குழாய் இறங்குகிறது. அதன் மறுமுனையிலே நேரும் துடிப்பு எவர் கைக்கும் எட்டுவதில்லை.

மாலையில் வலை விரித்துச் சென்ற மீனவர் விடியலில் பரிசலேறி வருகிறார். தாமதித்தால் வலையில் மாட்டிய மீன் கெட்டுவிடும். ஆகவே அவர் தவறுவதில்லை. வலைக்குள் அகப்பட்டதை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணிக் கூடையிலிடுகிறார். வலைக்கு வெளியே மிதப்பதைத் துடுப்பால் விலக்கிக்கொண்டு கரைக்குத் திரும்புகிறார்.